பழைய கைபேசியும் ஜரிகைப் பட்டியும்

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் படிப்பு வட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். அவர் அறுபத்தெட்டு வயது நிரம்பியவர். இளமையில் பன்னிரண்டு ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் உழைத்துவிட்டுக் கைத்தறிக்குத் திரும்பியவர். அக்கூடத்தின் ஓசை அவருடைய செவிப்புலனைப் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டது. அவருடைய மனைவியார் பக்கவாதத்தால் உள்ளறையில் படுத்திருக்கிறார். தறியோ முன்கூடத்தில் இருக்கிறது. அம்மையார் எத்துணை உரக்க அழைத்தாலும் இவருக்குக் கேட்பதில்லை. ஒரு நாள் பிற்பகல் அவர் கட்டிலினின்று சரிந்து விழுந்து அரைமணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். அந்த அரைமணி நேரமும் முன்கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“என் பேரன் கழித்துப் போட்ட கைபேசிகள் இரண்டு வீட்டில் கிடக்கின்றன. சட்டைப் பையில் இருக்கும்போது அவை அதிர்கின்றனவே, அந்த அதிர்வை மட்டும் எடுத்து என் கையில் கட்டித் தர இயலாதா?” என்பது அவருடைய வினா.

நல்ல கைபேசியையே இடுப்பில் செருகிக்கொள்ளலாமே என்று சிலர் கூறினர். அம்மையாரின் வலக்கை செயலிழந்தது. இடக்கை விரல்களும் நடுங்குகின்றன. கண்ணாடித் திரையைத் தொட்டு எண்ணைத் தேடி அழைக்க அவரால் ஆகாது. பெரியதொரு குமிழைக் கொடுத்தால் உள்ளங்கையால் அழுத்துவார். ஆகவே பெரியவரின் யோசனையே சரியென்று கண்டு, அதனைச் செய்து பார்த்தோம். அவ்வேலையில் நாம் கற்றதை இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

துணியையும் மின்சாரத்தையும் இணைப்பது நமக்குப் புதியதன்று என்பதை முதலில் கூறவேண்டும். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் போஸ்ட், ஓர்த் முதலியோர் துணியாலேயே மின்சுற்றுகள் அமைத்தனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட துணிகளுள் ஒன்று, பட்டிழையின்மேல் மெல்லிய செப்புத் தகடு சுற்றிய இழையை ஊடையாகக் கொண்டு நெய்த ஆர்கன்சா. இவ்வகைத் துணி இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வருவது. நாம் அழகுக்கு இட்ட உலோக இழை அவர்கள் கண்ணுக்குக் கம்பியாகத் தெரிந்தது. 2007ஆம் ஆண்டில் லியா பியூக்லி என்னும் அம்மையார் துணியில் தைக்கத்தக்க லில்லிபேட் என்னும் சிறு மின்பலகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2017இல் கூகிளும் லீவைஸும் சேர்ந்து, இடக்கைக் கரையில் மின்னிழை நெய்த சட்டையொன்றை 350 டாலருக்கு விற்றன. அத்திட்டத்திற்கு அவர்கள் வைத்த பெயர் ஜக்கார்டு. நம் தறிகளின்மேல் இருக்கும் அதே ஜக்கார்டின் பெயர்தான். 2023இல் கூகிள் அதற்குரிய செயலியை நிறுத்திவிட்டது. சட்டை கிழியவில்லை, இழை அறவில்லை. ஆயினும் அது வெறுஞ்சட்டையாகிவிட்டது. வேறொருவர் நிறுத்தினால் நின்றுபோகும் பொருளை நம் பெரியவரின் கையில் கட்டலாகாது என்று அப்போதே முடிவு செய்தோம்.

இனிக் கைபேசியைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே திரை, நிழற்படக்கருவி, கணிப்புச் சில்லு, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, அதிர்வுப்பொறி, மின்கலம் ஆகியவை உள்ளன. இவற்றுள் விலை மிக்கவை திரையும் சில்லுமே. ஆனால் நமக்கு ஒன்றுக்கும் உதவாதவையும் அவையே. ஒவ்வொரு நிறுவனமும் தன் உறுப்புகளைத் தனக்கே உரிய முறையில் பூட்டி வைத்திருக்கிறது. அவற்றின் இணைப்பு விவரங்களும் வெளியில் கிடைப்பதில்லை. இணைப்பு முனைகளோ மயிரிழை போன்றவை. பழைய கைபேசியால் கடிகாரம் செய்யலாம், கணிப்பொறி செய்யலாம் என்று கேள்விப்பட்டு வரும் இளைஞர் பலர் இவ்விடத்தில்தான் சோர்ந்துபோகின்றனர்.

மின்கலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியுள்ளது. கைபேசியினின்று எடுக்கத்தக்க பொருளென்று யாவர்க்கும் முதலில் தோன்றுவது அதுவே. அதனை எடுக்கவேண்டாம் என்பதே நம் முடிவு. 4000 மில்லி ஆம்பியர்-மணி என்று பொறித்த கலத்தில் முழுமின்னேற்றத்தில் ஏறத்தாழ 15 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. உள்ளே நேர்த்தகட்டையும் எதிர்த்தகட்டையும் பிரிப்பது காகிதத்தினும் மெல்லிய ஒரு சவ்வு. மடித்தாலோ, நசுக்கினாலோ, கூரியது குத்தினாலோ அச்சவ்வு கிழிந்து, இரு தகடுகளும் கூடி, அவ்வளவு ஆற்றலும் ஒருங்கே வெப்பமாக வெளிப்படும். அப்புகையில் ஹைட்ரஜன் புளூரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். நமது முதல் முயற்சியில், பசையால் ஒட்டியிருந்த கலத்தைத் திருப்புளியால் நெம்பியபோது முனை உறையில் பாய்ந்துவிட்டது. சீறலும் வெண்புகையும் எழுந்தன. அருகில் மணல் வாளி இருந்ததாலும், வேலை திறந்த வெளியில் நடந்ததாலும் மேசையின் பலகை கருகியதோடு போயிற்று. அதே வேலையைப் பாவு சுற்றிய கூடத்திற்குள் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதவும் மனம் வரவில்லை. அதன்பின் கைபேசிகளைப் பழுது பார்க்கும் கடைக்கே கொண்டுசென்று, கலத்தை அவர்களைக் கொண்டே கழற்றிவிடச் செய்கிறோம். உப்பிய கலமுள்ள கைபேசியைத் திறப்பதே இல்லை, மின்னேற்றுவதும் இல்லை.

எஞ்சியது அதிர்வுப்பொறி. பத்து மில்லிமீட்டர் அளவு குறுக்களவும் மூன்று மில்லிமீட்டர் அளவு கனமும் உள்ள சிறு நாணயம் போன்றது அது. உள்ளே ஒரு பக்கமாக எடை ஏறிய சக்கரம் சுழல்கிறது. எடை ஒருபுறம் இருப்பதால் சுழலும்போது பொறி முழுவதும் நடுங்குகிறது. நம் இராட்டையின் சக்கரம் கோணினால் இராட்டையே ஆடுவதில்லையா, அதுபோலத்தான். விலையுயர்ந்த புதிய கைபேசிகள் பலவற்றில் இதற்கு மாறாக, வில்லின்மேல் முன்னும் பின்னும் அசையும் வேறொரு பொறி உள்ளது. அது மாறுதிசை மின்னோட்டத்திற்கு மட்டுமே இயங்கும். இரண்டையும் வேறுபிரிக்க ஓர் உலர்கலம் போதும்: முனைகளைத் தொட்டதும் விடாமல் அதிர்ந்தால் நமக்கு வேண்டிய பொறி, ஒரே ஒரு தட்டுத் தட்டி நின்றுவிட்டால் வேண்டாதது. பேரனின் இரண்டு கைபேசிகளில் மலிவானதே நமக்குப் பயன்பட்டது.

அடுத்துக் கம்பி. கைப்பட்டிக்குள் செப்புக் கம்பியை வைத்தால், மணிக்கட்டு மடங்கி மடங்கிச் சில வாரங்களில் அது முறிந்துபோகும். இதற்கென எஃகு நூல் விற்கிறார்கள். மூன்று புரி நூலுக்கு அடிக்கு 10 ஓம் அளவில் மின்தடை உண்டு. விளக்குப்பொட்டு ஒன்றை ஏற்ற அது போதும். பொறியை ஓட்ட இடர்ப்படும். பொறிக்கு 80 மில்லி ஆம்பியர் வேண்டுமென்று கொள்வோம். போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்து இரண்டடி நூலானால் மின்தடை 20 ஓம். 20ஐ 0.08ஆல் பெருக்க 1.6 வோல்ட் வருகிறது. மூன்று வோல்ட்டில் பாதிக்கு மேல் நூலே விழுங்கிவிட்டால் பொறிக்கு என்ன மிஞ்சும்?

இவ்விடத்தில்தான் ஜரிகை நினைவுக்கு வந்தது. பட்டிழையின்மேல் வெள்ளித் தகடு சுற்றிய பழைய ஜரிகையில், உலோகம் இடைவிடாது தொடர்ந்து ஓடுகிறது. நடுவிலுள்ள பட்டு இழுப்பைத் தாங்குகிறது. செப்புத் தகட்டு ஜரிகையும் மின்சாரம் கடத்தும். ஆனால் சிலவற்றின்மேல் அரக்குப் பூச்சு இருப்பதால் முனையைச் சுரண்டவேண்டும். இன்று மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜரிகையோ பாலியெஸ்டர் ஏட்டின்மேல் அலுமினியம் படிந்தது. பளபளப்பு உண்டு, கடத்தும் தன்மையை நம்புவதற்கில்லை. உலர்கலம், பொறி, ஒரு சாண் ஜரிகை மூன்றையும் வரிசையாக இணைத்தால் விடை தெரிந்துவிடும். இதனை ஜரிகையின் தரச்சோதனையாக எவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். செம்பும் வெள்ளியும் இச்சோதனையில் ஒன்றே. இதைக் காட்டி வாங்குபவரிடம் வாதிட்டால் தோற்பது நாமே.

பெரியவர் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து கிழிந்த பழஞ்சேலையின் கரையைக் கொண்டுவந்தார். அது அம்மையாருடைய சேலை. அதிலிருந்து ஜரிகையைப் பிரித்தெடுத்து, பருத்திப் பாவினிடையே இருபுறமும் நான்கு நான்கு இழைகளாக ஓட்டி, ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஒரு பட்டியை அவரே நெய்தார். இரு ஜரிகை வரிசைகளுக்கும் நடுவே அரை அங்குலம் வெறும் பருத்தி. தைத்த நூலாயின் துணி மடங்கும்போது ஒன்றையொன்று தொட்டுவிடக்கூடும். நெய்த பட்டியிலோ ஒவ்வொரு இழையையும் ஊடை அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இந்தச் சிறப்பைத் தையற்காரர் தர இயலாது, நெசவாளரே தர இயலும். நான்கு இழை ஓட்டியதற்கும் காரணம் உண்டு: ஒன்று அறுந்தாலும் மற்றவை கடத்தும், மின்தடையும் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

பொறியைப் பட்டியின் நடுவே, மணிக்கட்டின் உட்புறம் எலும்பில் படுமாறு ஒரு சிறு துணிப்பையில் வைத்தோம். அதன் இரு கம்பிகளும் மிக மெல்லியவை. சற்று இழுத்தால் அற்றுவிடும். ஆகையால் கம்பி பொறியினின்று புறப்படும் இடத்தைப் பசையிட்டு முதலில் நிலைப்படுத்தவேண்டும். ஜரிகையில் ஈயப்பற்று வைத்தால் உள்ளிருக்கும் பட்டு கருகும். எனவே பித்தளைப் பிரஸ் பட்டன்களின் துளைகளில் ஜரிகையை இறுகச் சுற்றித் தைத்தோம். பொறியின் கம்பிகளையும் அவ்வாறே பட்டன்களில் இணைத்தோம். துவைக்கும்போது பொறியைக் கழற்றிவிட அது வசதியாயிற்று. உட்புறம் பருத்தித் துணியால் ஓர் ஓரணி தைத்தோம். வியர்வை உப்புநீர் ஆதலின் ஜரிகையைக் கறுக்கச் செய்யும்.

அம்மையாரின் கட்டிலருகே இரண்டு உலர்கலங்களும் ஓர் அழைப்புமணிக் குமிழும் பொருத்தினோம். அங்கிருந்து சுவரோரமாகச் சாதாரண இரட்டைக் கம்பி தறிக்கம்பம் வரை வருகிறது. அதன் முனையில் இரண்டு பிரஸ் பட்டன்கள். பெரியவர் குழியில் இறங்கி அமர்ந்ததும் பட்டியின் முனையை அதில் பொருத்திக்கொள்கிறார். எழுந்து செல்லும்போது மறந்தாலும் பட்டன் தானே கழன்றுகொள்ளும்; கை இழுபடாது. கம்பி நாடாவின் ஓட்டத்தில் சிக்காதிருக்க, கட்டும் இடம் தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கவேண்டும். முதல் நாள் இதை நாம் எண்ணாமல் முன்புறம் கட்டி, நான்கு இழை பாவு அறுந்தது. பெரியவர் ஒன்றும் கூறாமல் பிணைத்துக்கொண்டார்.

கம்பியின்றிச் செய்யலாகாதா என்று கேட்போர்க்கு: செய்யலாம். வானொலி முறையில் இயங்கும் அழைப்புமணிகள் கடையில் உள்ளன. ஆனால் அவற்றுள் பலவற்றிற்கு மின்கலம் வேண்டும். ஏற்பிக்கு எந்நேரமும் மின்சாரம் செலவாகும். பழுதானால் ஊரில் திருத்துவாரும் இல்லை. இப்பட்டியில் அழுத்தும் நேரம் தவிர மின்சாரம் ஓடுவதே இல்லை. ஆறு மாதங்களில் உலர்கலம் ஒரே முறை மாற்றப்பட்டது.

குறையையும் கூறவேண்டும். தறியிலிருந்து அவர் எழுந்து வெளியே சென்றுவிட்டால் அழைப்பு அவரை எட்டாது. அந்நேரங்களில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டே செல்கிறார்.

பொறியை எடுத்த பின் மிஞ்சும் கைபேசியைக் குப்பையில் எறியலாகாது. எரிக்கவோ, பொன் எடுப்பதாகக் கூறி அமிலத்தில் இடுவோரிடம் கொடுக்கவோ கூடாது. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு அளவே. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவை சேரவேண்டும். சங்க அலுவலகத்தில் இதற்கென ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். கலம் கழற்றியவற்றை மட்டும் அதில் இடுக.

விவசாய அங்கத்தினர் ஒருவர் வேறொன்று கேட்டிருந்தார். இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார்க் கொட்டகையில் படுத்திருக்கிறார். பழைய கைபேசியின் சார்ஜரை அங்கே செருகி, மின்சாரம் வந்ததும் கையிலுள்ள பட்டி அதிர்ந்து எழுப்புமாறு செய்யலாமா என்பது அவர் வினா. பொறி நிச்சயம் அதிரும். 5 வோல்ட்டை 3 ஆக்க 27 ஓம் தடை ஒன்று போதும். ஆயினும் வேண்டாம். மலிவான சார்ஜரின் உள்ளே வீட்டு மின்சாரத்தையும் 5 வோல்ட்டையும் பிரிக்கும் காப்பு பழுதுபட்டிருந்தால், ஈரத்தரையில் படுத்திருப்பவரின் மணிக்கட்டுக்கு நேராக 230 வோல்ட் வரும். உடலில் கட்டுவது எதுவாயினும் உலர்கலத்தோடு நிற்கட்டும். அவர் பொறியைப் பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு மூடி, உள்ளே நான்கு கூழாங்கற்களைப் போட்டுக் கொட்டகைச் சுவரில் எட்டத்தில் மாட்டட்டும், ஓசை கேட்கும். ஒருமுனை மின்சாரம் எப்போதும் இருக்கும் ஊர்களில் இதுவும் பயன்படாது. மும்முனை வந்ததா என்பதை ஒற்றைச் சார்ஜர் அறியாது.

அம்மையார் இப்போது ஒருமுறை அழுத்தினால் தண்ணீர், இருமுறை அழுத்தினால் உடனே வருக என்று இருவரும் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றனர். மூன்று முறை அழுத்தினால் என்ன பொருள் என்று கேட்டோம். சாப்பாட்டு வேளை தவறிவிட்டது, தறியை நிறுத்துக என்று பொருளாம்.