தானே விறகு தள்ளிக்கொள்ளும் அடுப்பு

விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தீ மூட்டுவது பெரிய காரியமல்ல, மூட்டிய தீயை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் பெரும்பாடு என்பார்கள். விறகை உள்ளே தள்ள வேண்டும். சில சமயம் வெளியே இழுக்க வேண்டும். இடையிடையே ஊதுகுழலால் ஊத வேண்டும். இந்த வேலைகளை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தால் என்ன? அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரில், ஜோ டிரேகர் என்பவர் 1980களின் நடுவில் உருவாக்கிய மரக்குளிகை அடுப்பு இதைத்தான் செய்கிறது. அந்நாட்டு வீடுகளின் கொல்லைப்புறங்களில் இறைச்சியைச் சுடவும் புகையூட்டவும் இது பயன்படுகிறது.

முதலில் எரிபொருளைப் பார்ப்போம். ஓரிகான், காடுகளும் மர அறுவை ஆலைகளும் நிறைந்த மாநிலம். ஆலைகளில் மலைபோல் குவியும் மரத்தூளை அழுத்திச் சிறு குளிகைகளாக்கி, வீட்டைச் சூடாக்க எரிக்கும் வழக்கம், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் பரவியது. பென்சிலைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் எப்படி இருக்கும்? குளிகையும் அப்படித்தான் இருக்கும். விட்டம் 6 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். இதில் பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இளகி, ஆறும்போது இறுகித் தூளைப் பிணைத்துவிடுகிறது.

மரத்துண்டை நீரில் போட்டால் மிதக்கும். குளிகையைப் போட்டால் மூழ்கும்! மரத்தின் செல் சுவர்ப் பொருளின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.5 கிராம். மரம் மிதப்பதெல்லாம் அதனுள் அடைபட்ட காற்றின் தயவால்தான். அழுத்தும்போது அந்தக் காற்றில் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால் குளிகையின் அடர்த்தி 1-ஐத் தாண்டிவிடுகிறது. ஆனால் மூழ்கிய குளிகையைச் சில நிமிடங்கள் கழித்துப் பாருங்கள். உப்பி, உதிர்ந்து, மறுபடியும் மரத்தூளாகிவிட்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பின் பக்கவாட்டில் குளிகைத் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் ஒரு திருகுத் தண்டு. ஆர்க்கிமிடீஸ் பெயரால் அழைக்கப்படும் நீரிறைக்கும் திருகை நீங்கள் படித்திருப்பீர்கள், அதே தத்துவம்தான். மோட்டார் தண்டை மெதுவாகச் சுழற்ற, குளிகைகள் சிறிது சிறிதாக நகர்ந்து ஒரு சிறு தீக்கிண்ணத்தில் விழுகின்றன. அங்கே மின்சாரத்தால் செந்தணலாகும் ஒரு கோல் அவற்றைப் பற்றவைக்கிறது. விசிறி காற்றை ஊதுகிறது. தீக்கு மேல் ஓர் இரும்புத் தகடு மறைத்திருப்பதால் சுவாலை உணவைத் தொடுவதில்லை. சுழலும் சூடான காற்றும் புகையுமே சமைக்கின்றன.

வெப்பநிலையை அறிவது பெரும்பாலும் ஒரு பிளாட்டினக் கம்பி. 0° செ.இல் 1,000 ஓம் மின்தடை உள்ள கம்பி 100° செ.இல் 1,385 ஓம் காட்டும். இந்த மாற்றத்தைக் கண்டு கட்டுப்பாட்டுக் கருவி, தண்டை எவ்வளவு நேரம் சுழற்றுவது என்று முடிவு செய்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்போது விழுந்த குளிகை எரிந்து வெப்பம் தரச் சில நிமிடங்கள் ஆகும். நீங்கள் ஆவலால் மூடியைத் திறந்து பார்த்தால் கம்பி குளிர்ந்துவிடும். கருவி ‘தீ குறைந்துவிட்டது’ என்று எண்ணிக் கூடுதல் குளிகையைத் தள்ளும். மூடியபின் வெப்பம் அளவுக்கு மீறி ஏறும். அடிக்கடி திறந்து பார்ப்பது கெட்ட பழக்கம் என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கிலோ குளிகை எரிந்தால் சுமார் 180 இலட்சம் ஜூல் வெப்பம் கிடைக்கும். மிதமான சூட்டில் மணிக்கு அரைக் கிலோ எரிகிறது என்று கொண்டால், 90 இலட்சத்தை 3,600 விநாடிகளால் வகுக்க 2,500 வாட் வருகிறது. இதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் சுவர்கள் வழியாகவும் போய்விடும்.

புதிய அடுப்பில் நேராகச் சமைக்கக் கூடாது. உணவு எதுவும் வைக்காமல் நல்ல சூட்டில் அரை மணி, முக்கால் மணி நேரம் எரியவிட்டால், தொழிற்சாலையில் படிந்த எண்ணெய்ப் பூச்சு எரிந்து போகும். அறைகளைச் சூடாக்க விற்கும் குளிகைகளை இதில் போடக்கூடாது. சமையலுக்கென்றே செய்தவை வேண்டும். பற்றிய புதிதில் வெண்மையான அடர்ந்த புகை வரும். அதிலுள்ள துகள்கள் பெரியவை. எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் சிதறடிக்கின்றன. தீ நன்றாகப் பிடித்தபின் புகை மெலிந்து நீல நிறம் காட்டும். துகள்கள் மிக நுண்ணியவையாகிவிட்டன என்பதற்கு அது அடையாளம். வானம் நீலமாகத் தெரிவதும் நுண்ணிய பொருள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால்தானே! உணவை வைக்க ஏற்ற நேரம் அதுவே; வெண்புகையில் வைத்தால் கசக்கும். முதன்முதலில் சமைப்பவருக்குக் கோழி எளிது. தடித்த பகுதியின் நடுவில் வெப்பமானியைச் செருகி 74° செ. வந்ததா என்று பார்க்க வேண்டும். மேல்தோலின் நிறத்தை நம்பக்கூடாது.

பெரிய இறைச்சித் துண்டை 110° செ. அளவில் பல மணி நேரம் சுடும்போது ஒரு வேடிக்கை நடக்கும். உள்வெப்பநிலை சீராக ஏறி, 65° அல்லது 70° அருகில் வந்ததும் நின்றுவிடும். இரண்டு மணி, மூன்று மணி நேரம்கூட அசையாது! புதியவர்கள் அடுப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே ஆவியாதல் இங்கேயும் வேலை செய்கிறது. 5 கிலோ இறைச்சியிலிருந்து ஒரு மணியில் 100 கிராம் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 70° செ.இல் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,330 ஜூல் தேவை. ஆக 2,33,000 ஜூல். இறைச்சி ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 3,500 ஜூல் என்றால், 5 கிலோவுக்கு 17,500 ஜூல். வகுத்துப் பாருங்கள், 13 வரும். அதாவது மணிக்கு 13 பாகை ஏற்றியிருக்கக்கூடிய வெப்பத்தை நீராவி கொண்டுபோய்விட்டது. மேற்பரப்பு உலர்ந்ததும் வெப்பநிலை மறுபடி ஏறும். அவசரமென்றால் இறைச்சியைத் தாளில் பொதிந்துவிடுவார்கள், ஆவி வெளியேறாது.

சமையல் முடிந்ததும் செருகியைப் பிடுங்கிவிட்டுப் போகக்கூடாது. அணைக்கும் பொத்தானை அழுத்தினால் தண்டு நிற்கும். விசிறி மட்டும் சில நிமிடங்கள் ஓடி, கிண்ணத்தில் எஞ்சிய குளிகையை எரித்துத் தீர்க்கும். நடுவில் மின்சாரம் நின்றாலோ, செருகியைப் பிடுங்கினாலோ, கனல் திருகுத் தண்டு வழியே பின்னோக்கி ஊர்ந்து தொட்டியையே எட்டலாம். மின்சாரம் திரும்பியவுடன் பற்றவைப்பதும் ஆபத்து. கிண்ணத்தில் குவிந்த குளிகைகள் புகைந்து, எரியக்கூடிய வாயுக்களால் அடுப்பை நிரப்பும். அவை திடீரென்று பற்றினால் மூடியே தூக்கியெறியப்படும். முழுவதும் ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்து, மூடியைத் திறந்துவைத்துத்தான் மறுபடி மூட்ட வேண்டும்.

தகட்டில் சொட்டி உறைந்த கொழுப்பை அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அப்போது நீர் ஊற்றுவது மிகப் பெரிய தவறு. நீர், எரியும் கொழுப்பின் அடியில் இறங்கி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பருத்து ஆவியாகி, கொழுப்பை நாற்புறமும் வாரி இறைக்கும். மூடியை மூடி மின்சாரத்தை நிறுத்தினால் ஆக்சிஜன் இன்றித் தீ தானே தணியும்.

குளிகைகள் ஈரமானால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்தோம். அது திருகுத் தண்டினுள் நடந்தால், உப்பி இறுகிய மரத்தூள் சிமெந்து போல அடைத்து மோட்டாரை நிறுத்திவிடும். எனவே மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு மெதுவாக வினைபுரிவதால், எரியாத குளிகையிலிருந்துகூடக் கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. ஒன்றிரண்டு மூட்டைகளால் தீங்கில்லை. டன் கணக்கில் குளிகை சேமித்த மூடிய அறைகளுக்குள் நுழைந்தவர்கள் ஐரோப்பாவில் உயிரிழந்திருக்கிறார்கள். மணமோ நிறமோ இல்லாத வாயு அல்லவா! அடுப்பையும் ஒருபோதும் வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ மூட்டக்கூடாது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மூட்டையில் 9 கிலோ குளிகை. அதில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கு. மணிக்கு அரைக் கிலோ எரிகிறது. மூட்டை எத்தனை மணி நேரம் வரும்? கிண்ணத்திலும் அடுப்பினுள்ளும் எத்தனை கிராம் சாம்பல் சேரும்? அந்தச் சாம்பல் கிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டால் தீயின் நிறமும் புகையின் நிறமும் எப்படி மாறும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.