எண் இறங்கினால் காமாலை இறங்கியதா?

கேள்வி: போன ஆடியில் என் தம்பிக்கு (வயது 24) மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஏ என்றார்கள். எஸ்.ஜி.பி.டி. 3,200 இருந்தது, ஐந்தே நாளில் 700 ஆனது. நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில் டாக்டர், “உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்றார். கல்லீரல் மாற்று அறுவை இல்லாமலே பிழைத்துவிட்டான். எண் குறைந்த பிறகு என்ன பயம்? அவன் கல்லீரல் இனி அவ்வளவுதானா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: கெட்டிக்கார டாக்டர்! எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதி. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். செல்கள் தேறினால் கசிவு குறையும். உடைய இனிச் செல்லே மிச்சமில்லை என்றாலும் குறையும். எரிந்து முடிந்த கூரையிலும் புகை அடங்கத்தானே செய்யும்?

எது நடந்தது என்பதை, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை காட்டிக்கொடுக்கும். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைப் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் ஒன்று சில மணி நேரமே தாங்கும். உற்பத்தி படுத்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஐ.என்.ஆர். 1 அளவில் இருக்க வேண்டும். அது 1.5-ஐத் தாண்டி, மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினும் ஏற, எஸ்.ஜி.பி.டி. மட்டும் சரிந்தால் கல்லீரல் திசு கொத்துக்கொத்தாக மடிகிறது என்று பொருள். வைரஸைவிட, அதை அழிக்கக் கிளம்பும் நம் எதிர்ப்பு செல்கள் செய்யும் சேதமே இதில் அதிகம். ஒன்றரைக் கிலோ உறுப்பு சுருங்கிப்போகும். வலது விலாவில் விரலால் தட்டினால், மந்தமாகக் கேட்க வேண்டிய இடம் வெறும் பானைபோல ஒலிக்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு டாக்டருக்கு முன்பே தெரிவது வேறு: பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, கேட்டதையே கேட்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, நீட்டிய கை மணிக்கட்டில் படபடப்பது. கல்லீரல் அகற்றாமல் விட்ட நச்சு மூளையை எட்டிவிட்டது என்று பொருள். “தூக்கமில்லாமல் தவிக்கிறான்” என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

கீழாநெல்லி கொடுத்திருப்பீர்கள், கேட்காமலே தெரியும். ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தானாகவே தேறிவிடுவார்கள். பெயர் மூலிகைக்குப் போகிறது. மிச்சமுள்ள அந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பத்தியம் காக்கும் நாட்கள்தான் ஆபத்து.

தம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். செல்கள் மடிந்தாலும் அவற்றைத் தாங்கும் சட்டகம் தப்பியிருந்தால், தப்பிய செல்கள் பெருகிச் சில மாதங்களில் இடத்தை நிரப்பிவிடும். ஹெபடைடிஸ் ஏ உடம்பில் தங்கி நாள்பட்ட நோயாகாது. ஒரு முறை வந்து தேறியவருக்கு அது மறுபடி தொற்றுவதும் இல்லை.