மட்டை வாங்கும் முன் கோச்சைத் தேடுங்கள்

"அடுத்த மாசம் கிளையன்ட்டோட கோல்ஃப் இருக்கு, நீங்களும் வாங்க" என்று மேலாளர் சொன்ன அன்றிரவே பலர் ஆன்லைனில் மட்டைகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். ஒரு பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. புதிதாகக் கற்பவருக்கு மூன்று போதும். ஒரு 7-ஆம் எண் அயர்ன், ஒரு வெட்ஜ், பந்தை உருட்டிக் குழியில் விட ஒரு பட்டர். இவை பெரும்பாலும் பயிற்சி இடத்திலேயே கிடைக்கும். உங்கள் உயரத்தையும் ஆட்டத்தையும் ஒரு கோச் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கினால் காசு வீணாகாது.

கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் ஒரே ஒரு பாடத்துக்குப் பணம் கட்டுங்கள். பத்து வகுப்புக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், அது பிறகு. அந்தப் பாடத்தின் முதல் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். முதுகுவலி உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், இதற்கு முன் என்ன விளையாடினீர்கள் என்று கேட்கிறாரா? கடைசிக் கேள்வி நம்மூர்க்காரர்களுக்கு மிக முக்கியம். தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த கை, மட்டையை நேராக முன்னே தள்ளப் பார்க்கும். கோல்ஃபில் மட்டை உடலைச் சுற்றி வர வேண்டும். அந்தப் பழக்கத்தைத் திட்டாமல் பொறுமையாகத் திருப்பத் தெரிந்தவரே உங்களுக்கு ஏற்ற ஆசிரியர். நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியாவில் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். நன்றாக ஆடுகிறவர் எல்லாரும் நன்றாகச் சொல்லித்தருவதில்லை. ஒரு மணி நேரத்தில் ஏழு திருத்தம் சொல்பவரைவிட, ஒன்றைச் சொல்லி அது கைவரும்வரை உடன் நிற்பவரே மேல்.

இரண்டாம் பாடத்திலேயே பட்டிங் கேளுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். ஒவ்வொரு குழிக்கும் அதைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் இரண்டு உருட்டல் என்று வைத்துத்தான் பார், அதாவது எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை, கணக்கிடப்படுகிறது. 18 குழிக்கு 36. பார் 72 என்றால் சரிபாதி அங்கேயே போகிறது! ஆனால் புதியவர்கள் நேரம் முழுவதையும் பந்தைத் தூரமாகப் பறக்கவிடுவதிலேயே செலவழிக்கிறார்கள். பட்டிங்கை வீட்டிலும் பழகலாம். ஜமக்காளத்தை விரித்து, ஒரு முனையில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, பத்தடி தள்ளி நின்று உருட்டுங்கள். உண்மையான குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். டம்ளர் அதைவிடச் சிறியது என்பதால் கிரீனில் குழி பெரிதாகத் தெரியும்.

இரண்டு பாடங்களுக்கு நடுவில் இரண்டு முறையாவது தனியாகப் பயிற்சி செய்யுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் அடுத்த பாடத்தைத் தள்ளிப்போடுங்கள். நூறு பந்தை வேகவேகமாக அடிப்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் நிதானமாக நின்று நாற்பது அடித்தால் போதும். நேர் எதிரிலிருந்து ஒன்று, பந்து போகும் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்று என இரண்டு வீடியோ எடுத்துக் கோச்சிடம் காட்டுங்கள். உள்ளங்கை கொப்பளித்தால் பயப்பட வேண்டாம். முதுகில் சுரீரென்று வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிளையன்ட்டோடு ஆடும் நாளுக்கு முன் ஒரு பாடத்தையாவது மைதானத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடிக்கும்போது எங்கே நிற்பது, அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஏன் மிதிக்கக் கூடாது, மணலில் ஆடியபின் எப்படிச் சமன்செய்வது, பந்து ஆள் பக்கம் பறந்தால் "ஃபோர்!" என்று எப்படிக் கத்துவது என்பதெல்லாம் பயிற்சி ரேஞ்சில் வராது. காலர் வைத்த டிஷர்ட் போடுங்கள். பல கிளப்களில் ஜீன்ஸ் அனுமதி இல்லை.

மோசமாக ஆடினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்; தாமதம் செய்தால் சுளிப்பார்கள். தொலைந்த பந்தைத் தேட விதி தரும் நேரம் மூன்றே நிமிடம். நட்பு ஆட்டத்தில் அடிகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், சொல்லிவிட்டுப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள். "நான் புதுசு சார்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடியிடம் மரியாதையாகப் பேசுங்கள். அந்தப் புல்லை அவரளவு அறிந்தவர் உங்கள் குழுவில் இருக்கமாட்டார். கிரீனில் பந்தருகே குனியும்போது, "எந்தப் பக்கம் சரியும்ண்ணே?" என்று கேளுங்கள். அவர் விரல் காட்டும் இடத்தைப் பார்த்து உருட்டுங்கள்.