நியூட்ரினோ உணரிக்கு எந்தக் கடிகாரம்?

நியூட்ரினோ உணரிக்குக் கடிகார ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது விவரத்தாளில் போட்டிருக்கும் துல்லியத்தை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் வாதம். கேபிளில் நேரும் தாமதத்தை அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அளந்துகொள்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2011-ல் ஓபெரா குழு, செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தள்ளியுள்ள கிரான் சாசோ சுரங்க ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வருவதாக அறிவித்தது. ஜிபிஎஸ் ஏற்பியில் குறை இல்லை. நேரத்தைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோன 8.3 கி.மீ. ஒளியிழையின் இணைப்பான் சரியாகப் பொருந்தவில்லை. வெளிச்சம் மங்கியதால், மறுமுனைச் சுற்று தூண்டப்படும் அளவை எட்டத் தாமதமாயிற்று. பிசகு 70 நானோ வினாடிக்கு மேல். முன்பு அளந்து குறித்துவைத்த தாமதத்தையே கணக்கில் எடுத்திருந்தார்கள். மறுபடி அளந்தபோதுதான் குட்டு உடைந்தது.

இதற்கு மாறாக, தென்துருவத்தின் ஐஸ்கியூப் உணரியில் பனிக்குள் புதைந்த 5160 கருவிகளும் ஆளுக்கொரு அலையியற்றியோடு தம்போக்கில் ஓடுகின்றன. மேலிருந்து ஒரு துடிப்பு இறங்குகிறது. கருவி அதே வடிவத்தில் இன்னொன்றைத் திருப்பி அனுப்புகிறது. போய்வந்த நேரத்தில் பாதி, கேபிள் தாமதம். மின்சாரம், தரவு, நேரம் எல்லாம் ஒரே செம்புக் கம்பி இணையில். கிடைப்பது இரண்டு மூன்று நானோ வினாடித் துல்லியம்தான். நியூட்ரினோ மோதலில் எழும் ஒளி பனியில் சிதறி வருவதால் அதற்கு மேல் துல்லியம் வாங்கிப் பெரிதாகப் பயனில்லை. சிசிலிக்கு அப்பால் 3500 மீட்டர் ஆழத்தில் உள்ள கேஎம்3நெட் உணரி, செர்னில் உருவான, இதேபோல் போய்வரும் நேரத்தை அளக்கும் ‘ஒயிட் ராபிட்’ முறையில் ஈதர்நெட் ஒளியிழையிலேயே ஒரு நானோ வினாடிக்கும் கீழே போகிறது. தெளிந்த கடல்நீரில் ஒளி நானோ வினாடிக்குச் சுமார் 22 செ.மீ. ஓடும், அங்கே அந்தத் துல்லியம் வீணாவதில்லை. ஆகவே, தரவுக்கு எப்படியும் ஒளியிழை போடுகிறீர்கள் என்றால் ஒயிட் ராபிட். செம்புதான் என்றால் ஐஸ்கியூப் வழி. ஜிபிஎஸ் உலக நேரத்தோடு பொருத்துவதற்கு வேண்டும். சுரங்கத்துக்குள்ளும் கடலடியிலும் அதன் கை எட்டாது.

போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று எப்படிப் பாதியாக்குவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே இழையில் இரு நிற ஒளிகள் எதிரெதிரே போகும்போது வேகம் சற்று மாறும். ஆனால் அந்த வித்தியாசம் இழையின் நிலையான குணம். ஆய்வகத்தில் அளந்து கழித்துவிடலாம். ஒரு பக்க ஏற்பியில் மட்டும் நேரும் கோளாறு இதிலும் ஒளிந்துகொள்ளக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அதனால்தான் இரண்டு உணரிகளிலும் கருவிகளோடு எல்இடி ஒளிவிளக்குகளையும் பொருத்தியிருக்கிறார்கள். ஒன்று மின்னினால் அக்கம்பக்கக் கருவிகள் எப்போது பார்த்தன என்பது கேபிளைச் சாராத சாட்சி. பட்ஜெட் இடித்தால் துல்லியத்தைக் குறையுங்கள், இந்த விளக்குகளில் கை வைக்காதீர்கள்.

கடிகாரம் முடிவானால் தரவு சேகரிப்பும் பாதி முடிவானதுபோலத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறந்த இடத்திலேயே நேர முத்திரை விழுந்துவிட்டால், எதைப் பதிவது என்று தீர்மானிக்கும் தனி டிரிகர் வன்பொருள் தேவையில்லை. கேஎம்3நெட் எல்லாவற்றையும் கரைக்கு அனுப்பிக் கணினியில் சலிக்கிறது. கடலின் பொட்டாசியம்-40 சிதைவும் உயிரொளியும் அதில் பெருமளவு குப்பையைச் சேர்க்கும், ஒளியிழை தாங்கும். செம்பு தாங்காது. அதனால் ஐஸ்கியூபில் பக்கத்துக் கருவியும் ஒளியைக் கண்டால்தான் முழு அலைவடிவம் மேலே வரும். தனித்த துடிப்புக்குச் சுருக்கக் குறிப்பு மட்டும்.