துளைக்கும் ஒரு விளிம்பு உண்டு

உணவுக் கடையில் மிளகாய் சாஸ் பொட்டலத்தைப் பிரித்திருப்பீர்கள். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அந்த இடத்தில் பிடித்து இழுத்தால் சட்டென்று கிழிந்துவிடும். வெட்டு இல்லாத ஓரத்தில் இழுத்துப் பாருங்கள், லேசில் அசையாது. பொட்டலமும் அதேதான், கைப்பலமும் அதேதான். அப்படியானால் இரண்டு மில்லிமீட்டர் வெட்டு என்ன செய்துவிட்டது?

இந்தக் கேள்விக்கான விடையை நம்பி வானத்தில் பறப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கார் கொட்டகையில் தாங்களே விமானம் கட்டுகிறவர்கள் அவர்கள். அது பொம்மை விமானம் அல்ல. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கக்கூடிய உண்மையான விமானம்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வான்ஸ் ஏர்கிராஃப்ட் என்றொரு நிறுவனம் இருக்கிறது. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்னும் பொறியாளர் 1973இல் தொடங்கியது. விமானத்தின் அலுமினியத் தகடுகளை வெட்டி, துளையிட்டு, வரைபடங்களுடன் பெட்டியில் அனுப்பிவைப்பார்கள். வாங்கியவர் ஓய்வு நேரத்தில் சில ஆண்டுகள் உழைத்து அதைப் பொருத்தி முடிக்க வேண்டும். ‘ஆர்வி’ என்று பெயரிடப்பட்ட இந்த விமானங்கள் இதுவரை 11,000க்கும் மேல் பறந்துள்ளன. வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்பதற்காகவோ கட்டுகிறவர்கள் செய்திருந்தால்தான், அமெரிக்க விமானத் துறை அதை ‘வீட்டில் கட்டிய விமானம்’ என்று ஏற்கும்.

விமானம் கட்டுவது என்றதும் இயந்திரத்தையும் காற்றாடியையும்தான் நினைப்போம். உண்மையில் கட்டுகிறவரின் நேரத்தைப் பெரும்பாலும் தின்பது துளைகள். ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரிவெட் ஆணி உட்கார வேண்டும்.

ஓர் ஆணி உட்காரும் கதையைக் கேளுங்கள். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தற்காலிகப் பிடிப்பான்களால் இறுக்குகிறார்கள். துளையைச் சரியான அளவுக்குத் துரப்பணம் செய்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள்! துரப்பணம் போன வழியில் துளையின் விளிம்பில் கூரான பிசிறு நிற்கும். அதை ஒவ்வொரு துளையிலும், தகட்டின் இரு பக்கத்திலும், கையால் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்து, ஆணியின் தலை வெளியே துருத்தி நின்று காற்றைத் தடுக்காமலிருக்க, துளையைச் சுற்றி அச்சு வைத்து அழுத்தி ஒரு சிறு குழிவை உண்டாக்குகிறார்கள். கன்னக்குழி போல இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்கு டிம்பிள் என்றே பெயர். மறுபடி பொருத்தி, ஒருவர் ஆணியின் தலையில் காற்றழுத்தச் சுத்தியலை வைக்க, மற்றொருவர் பின்பக்கம் கனமான எஃகுக் கட்டியைப் பிடிப்பார். ஆணியின் வால் நசுங்கி விரியும். 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணிக்கு, விரிந்த வால் 3.6 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அளவு தவறினால் ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறொன்று.

மெல்லிய அலுமினியத் தகட்டில் பத்துத் துளை போட்டுப் பிசிறெடுக்க நானும் ஒருமுறை முயன்றேன். ஐந்தாவது துளையிலேயே பொறுமை போய்விட்டது, விரலிலும் கீறல். ஆயிரக்கணக்கில் செய்கிறவர்களை அன்றிலிருந்து மரியாதையுடன்தான் பார்க்கிறேன்.

கண்ணுக்கே சரியாகத் தெரியாத பிசிறுக்கு ஏன் இத்தனை பாடு?

விமானம் பறக்கும்போது அதன் எடையை இறக்கைகள் தாங்குகின்றன. இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அதனால் மேல்தகடு நெருக்கப்படுகிறது, கீழ்த்தகடு இழுக்கப்படுகிறது. ஆர்வி-7 ரக விமானம் சாகசப் பறத்தலின்போது 725 கிலோகிராம் நிறை வரை இருக்கலாம். அந்த எடையைப்போல் 6 மடங்கைத் தாங்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 43,000 நியூட்டன்.

இப்போது, இழுக்கப்படும் தகட்டில் ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விசை துளையின் வழியாகப் போக முடியாது. ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல் இரு ஓரங்களிலும் ஒதுங்கி நெருக்கியடித்துப் போகிறது. ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசைக்குத் தகைவு என்று பெயர். அகலமான தகட்டில் வட்டத் துளை ஒன்று இருந்தால், அதன் ஓரத்தில் தகைவு மற்ற இடத்தைப்போல் 3 மடங்கு ஆகிவிடும். துளை பெரிதா சிறிதா என்பது இங்கே பொருட்டில்லை. வடிவம்தான் முக்கியம்.

1913இல் இங்கிலீஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் நீள்வட்டத் துளைக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார். இழுவிசைக்குக் குறுக்கே துளையின் நீளத்தை அதன் அகலத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வட்டத்துக்கு நீளமும் அகலமும் சமம், எனவே விடை 3. நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு என்றால் 7. பத்து மடங்கு என்றால் 21. விரிசல் என்பது அகலமே இல்லாத நீள்வட்டம்தானே! அதன் நுனியில் தகைவு எங்கே போகும் என்று யோசியுங்கள். சாஸ் பொட்டலத்தில் நடப்பது அதுதான். விமானத் தகட்டில் விரிசல் கண்டால், அதன் நுனியில் ஒரு சிறு வட்டத் துளை போட்டு அதை நிறுத்தும் வழக்கமும் இதனால்தான் வந்தது. ஓட்டையை ஓட்டையால் நிறுத்துகிறார்கள்.

துளையின் ஓரத்தில் நிற்கும் பிசிறும் கீறலும் இத்தகைய விரிசலுக்கு விதை. ஒரே நாளில் உடையாது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் தகடு இழுபட்டுத் தளரும். காகிதக் கிளிப்பைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதல்லவா? அதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

இதற்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1954 ஜனவரி 10ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த கோமெட் ஜெட் விமானம், ரோமிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே வானிலேயே சிதறியது. அதிலிருந்த 35 பேரும் இறந்தார்கள். பிறகு இன்னொரு கோமெட்டின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். அது முன்பு பறந்ததையும் தொட்டியில் நடந்ததையும் சேர்த்து 3,057 சுற்றுகளில் உடல் பிளந்தது. கடலிலிருந்து மீட்ட பாகங்களை ஆராய்ந்தபோது, கூரையிலிருந்த திறப்பின் மூலையருகே ஓர் ஆணித் துளையின் ஓரத்தில் விரிசல் தொடங்கியது தெரிந்தது.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கோவிட் காலத்துக்குப் பின் ஆர்வி பெட்டிகளுக்குத் தேவை எகிறியது. துளைகளை அச்சால் குத்தும் வழக்கமான முறையில் வேலை முடியாமல், சில பாகங்களை லேசர் கொண்டு வெட்டவைத்தார்கள். லேசர் கதிர் வட்டத்தைத் தொடங்கி முடித்த இடத்தில் ஒரு நுண்ணிய வெட்டுக்குறி தங்கியது. கட்டுகிறவர்கள் அந்தத் துளையைக் குழிவாக அழுத்தியபோது, அந்தக் குறியிலிருந்து விரிசல் கிளம்பியது. அவர்களே அதைப் பார்த்துச் சொன்னார்கள். நிறுவனம் சோதனைகள் நடத்தியது. பல பாகங்கள் பாதுகாப்பானவை என்றும், சிலவற்றை மாற்றுவது நல்லது என்றும் முடிவுக்கு வந்தது. இதுவும் வேறு செலவுகளும் சேர்ந்து, 2023 டிசம்பரில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. மறு ஆண்டு மீண்டது.

“துளையே இல்லாமல் ஒட்டிவிடலாமே, டீச்சர்?” என்று படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 1975இல் பறந்த பர்ட் ரூட்டனின் வேரிஈஸி விமானத்தில், நுரைக்கட்டையின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசி இறக்கை செய்தார்கள். ரிவெட் வரிசைகளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பிசினுக்குள் காற்றுக்குமிழ் ஒளிந்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம். தலைவலி வேறு இடத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

கட்டி முடித்ததும் நண்பர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. அமெரிக்காவில் வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம், குறிக்கப்பட்ட பகுதிக்குள் மட்டும் சோதனையாகப் பறக்க வேண்டும். ‘சோதனை விமானம்’ என்ற எழுத்து அதன் உடலில் என்றும் இருக்கும்.

இனி உங்கள் முறை. இந்த நாளிதழைப் படித்து முடித்தபின், 2 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். இரண்டையும் ஒரே திசையில் வெட்டுங்கள், ஏனெனில் காகிதத்தின் நார்கள் ஒரு பக்கமாகவே ஓடுகின்றன. இரண்டின் நடுவிலும் காகிதத் துளைப்பானால் ஒரு துளை போடுங்கள். ஒன்றில் மட்டும், துளையின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் கத்தரியுங்கள். மேல்முனையைக் கிளிப்பால் மாட்டி, கீழ்முனையில் சிறு வாளியைத் தொங்கவிட்டு, 100 மில்லிலிட்டர் 100 மில்லிலிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளிக்கு அடியில் ஒரு பேசின் வைக்க மறக்காதீர்கள். எந்தப் பட்டை எத்தனை கிராமில் அறுந்தது? ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு மூன்றாவதாக ஒரு பட்டை: அந்த 2 மில்லிமீட்டர் வெட்டின் நுனியில் ஊசியால் ஒரு சிறு வட்டத் துளை போட்டால் என்ன ஆகிறது?