படம் நடுவில் நிற்கிறதா? காரணத்தைத் தேடுவோம்

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆசிரியர் பௌதிகவியல் பாடங்களை வீடியோவாகப் பதிவுசெய்து, பென் ட்ரைவில் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருப்பதோ உறவினர் ஒருவர் தந்த பழைய கணனி. பாடம் கால் மணித்தியாலம் நன்றாக ஓடும். பிறகு படம் விக்கி விக்கி நின்றுவிடும். "இது இனிச் சரிவராது, புதுசு வாங்குங்கோ" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவின் சங்கிலியை அடகு வைப்போமா என்ற பேச்சு எழுகிறது.

சங்கிலியில் கை வைக்கும் முன் அரை மணித்தியாலம் ஒதுக்கிக் காரணத்தைத் தேடுவது நல்லது.

வீடியோ எப்படி ஓடுகிறது?

வீடியோ என்பது செக்கனுக்கு 24, 25 அல்லது 30 நிலையான படங்களை அடுத்தடுத்துக் காட்டுவதாகும். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் உள்ள ஒரு படத்தில் 20 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு 3 பைற் என்றால், ஒரு படம் சுமார் 6 மெகாபைற். 25 படங்களுக்கு, அதாவது ஒரு செக்கனுக்கு, சுமார் 155 மெகாபைற். இதை அப்படியே சேமிப்பது கடினம். எனவே வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக வைக்கிறார்கள். நாம் பார்க்கும்போது கணனி அதை ஓயாமல் விரித்துக் காட்டுகிறது.

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் உடனே குளத்தைக் குறை சொல்வதில்லை. துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். இங்கும் அதே முறைதான். கோப்பு இருக்கும் இடம், அது வரும் வழி, அதை விரிக்கும் செயலி என்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கவனியுங்கள்

1. ஒலி தொடர்ந்து கேட்கிறது, படம் மட்டும் நிற்கிறது: பெரும்பாலும் விரிக்கும் வேலை பிந்துகிறது.
2. இணையத்தில் பார்க்கும்போது இரண்டும் நின்று, வட்டம் சுழல்கிறது: இணைப்பின் வேகம் போதவில்லை.
3. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது: கோப்பு பழுதடைந்திருக்கலாம். சீ.டி. அல்லது டி.வி.டி. என்றால் கீறல் இருக்கலாம்.
4. சற்று நேரம் நன்றாக ஓடிய பின்பே நிற்கிறது: கணனி சூடாகிறது.
5. கணனி முழுவதும் அடிக்கடி உறைகிறது, உள்ளே 'டிக் டிக்' என்ற ஓசையும் கேட்கிறது: வன்தட்டு சாகும் நிலையில் இருக்கலாம்.

ஐந்தாவது அறிகுறி தெரிந்தால் வேறெதையும் செய்ய வேண்டாம். பாடங்கள், குடும்பப் படங்கள், ஆவணங்களின் பிரதிகள் ஆகியவற்றை உடனே வேறொன்றில் பிரதி எடுங்கள். சோதனைகளைப் பிறகு பார்க்கலாம். கணனியை மாற்றலாம், அழிந்துபோன கல்யாணப் படத்தை மீட்பது அரிது.

படிப்படியாகச் சோதிப்போம்

படி 1. பென் ட்ரைவில் உள்ள கோப்பைக் கணனியின் வன்தட்டில் பிரதி செய்து ஓடவிடுங்கள். இப்போது நிற்கவில்லை என்றால் குறை பென் ட்ரைவில் அல்லது அதைச் செருகும் இடத்தில். அதே கோப்பை இன்னொரு கணனியிலும் ஓடவிடுங்கள். அங்கும் அதே இடத்தில் நின்றால் கோப்பே பழுது. ஆசிரியரிடம் மீண்டும் கேட்டு வாங்குங்கள்.

படி 2. இணையத்தில் பார்க்கும்போது தரத்தை 1080 இலிருந்து 480 ஆகக் குறையுங்கள். 1080 தரத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 5 மெகாபிற் வேகம் வேண்டும். 480 தரத்துக்கு 1 மெகாபிற்றுக்குச் சற்று மேல் போதும். கரும்பலகை எழுத்தை வாசிக்க 480 பெரும்பாலும் போதுமானது. டேற்றாச் செலவும் குறையும்.

படி 3. விண்டோஸ் கணனியில் கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பட்டியலில் செயலி, நினைவகம், தட்டு ஆகிய மூன்றில் எது 100 வீதத்தை நெருங்கி நிற்கிறது என்று பாருங்கள். வீடியோ அல்லாத வேறு நிரல் அதைப் பிடித்து வைத்திருந்தால் அதை மூடுங்கள்.

படி 4. வீடியோவை ஓடவிட்டதுமே செயலி 100 வீதத்துக்கு ஏறினால், சுருக்கிய முறையைக் கவனியுங்கள். எச்.264 என்னும் முறை 2003இல் வந்தது. பல பழைய கணனிகளில் அதை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று உண்டு. எச்.265 2013இலும், ஏவி1 2018இலும் வந்தவை. இவற்றுக்கான சுற்று இல்லாத கணனியில் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும். வேறொரு நல்ல கணனியில், ஹாண்ட்பிரேக் என்னும் இலவச நிரலால் கோப்பை எச்.264 ஆக, 480 தரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

படி 5. கணனியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைத் திறவுங்கள். மின்விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும். மடிக்கணனி என்றால் மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்துப் பாவியுங்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்

கால் மணித்தியாலம் ஓடிய பிறகே படம் நின்றது. சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடியது. இது நான்காவது அறிகுறி. சூடு கூடும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. அந்த வீட்டார் முதலில் எடுக்க வேண்டியது தூரிகையை, சங்கிலியை அல்ல.

எல்லாப் படிகளையும் செய்தும் 480 தரத்திலேயே செயலி திணறினால், அந்தக் கணனியின் காலம் முடிந்தது எனலாம். அப்போதும் "எஸ்.எஸ்.டி. போட்டால் சரி" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அது கணனியை விரைவாகத் திறக்க உதவும். வீடியோவை விரிக்கும் வேலையை அது செய்வதில்லை.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் வீட்டுக் கணனியில் காணும் குறை மேற்கூறிய ஐந்தில் எது?
2. காரணம் அறியாமல் ஒரு பொருளை மாற்றிப் பணம் இழந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?
3. அழிந்தால் மீண்டும் கிடைக்காத கோப்புகள் உங்களிடம் எவை? அவற்றின் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?