வில்லங்கச் சான்று சொல்லும் விடை

திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

தோட்டமும் கிணறும் சூழ நிற்கும் பல கோடி ரூபாய் வீடுகளைத் தேடிச் செல்லும் குடும்பங்களைத் தொலைக்காட்சி காட்டும்போது, இவர்களுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் எழுவது இயல்பு. நிகழ்ச்சியோ அறைகளின் எண்ணிக்கையையும் தரையில் பதித்த கல்லின் வகையையும் விரிவாகச் சொல்லிவிட்டுப் பணத்தின் ஊற்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவதால், பெரிய சம்பளம், பெரிய திறமை என்று பார்ப்பவர் தாமாகவே ஒரு விடையை இட்டுக்கொள்கிறார். அந்த விடை பெரும்பாலும் பிழையானது. பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் தைத்தும் லைன் வீட்டு வாடகையிலிருந்து மீளாத தாய் தந்தையரின் உழைப்பை, அவர்கள் பெற்ற பிள்ளைகளே குறைத்து மதிப்பிடும்படி செய்துவிடுவதுதான் அந்தப் பிழை விளைவிக்கும் தீங்கு. அதனால் இந்தக் கேள்வியை முறையாக ஆராய்வது திருப்பூரில் வளரும் இளைய தலைமுறைக்குத் தேவையாகிறது.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி, பிரிட்டனின் பிபிசி 2002இல் தொடங்கிய 'எஸ்கேப் டு தி கன்ட்ரி' ஆகும். நகரத்தை விட்டு நாட்டுப்புறத்தில் குடியேற விரும்புவோருக்கு வீடுகளைச் சுற்றிக்காட்டும் அந்த நிகழ்ச்சியில் வருவோர் பலர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். இலண்டனிலோ அதன் சுற்றுப்புறத்திலோ பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கடனையும் அடைத்து முடித்த வீட்டை விற்று, அதைவிட விலை குறைந்த பகுதியில் அதைவிடப் பெரிய வீட்டை வாங்குபவர்கள். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய 'ஹவுஸ் ஹன்டர்ஸ்' நிகழ்ச்சியில் வீடு தேடுவதாகக் காட்டப்பட்டவர்களுள் பலர், தேடும் காட்சி படமாகும் முன்பே தம் வீட்டை வாங்கும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் என்பது 2012இல் வெளிவந்தது. ஆகவே திரையில் தெரிவது ஒரு நெடுங்கதையின் கடைசிப் பக்கம். முன்பக்கங்களில் பழைய சொத்து ஒன்று பெரும்பாலும் இருக்கிறது.

சம்பளத்தால் மட்டும் அத்தகைய வீடு வாங்க இயலுமா என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 75 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுத்தல் கூடாது. எனவே 2 கோடி ரூபாய் வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சக் கடன் ஒன்றரைக் கோடி. மீதி 50 லட்சத்தை வாங்குபவர் கைப்பணமாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு மேல், தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 18 லட்சம் ஆகும். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கும் ஒன்றரைக் கோடிக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,35,000 ரூபாய். பவர் டேபிளில் தைக்கும் கணவன் மனைவி இருவரின் கூலியையும் ஓவர்டைம் பணத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் அது இந்தத் தவணையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே தொடும். மேலும், வேளாண் நிலத்தின் நடுவே கட்டும் பண்ணை வீட்டுக்கு வங்கிகள் பொதுவாக வீட்டுக் கடன் தருவதில்லை என்பதால், தோட்டத்து மாளிகை எழுந்த இடத்தில் மாதச் சம்பளம் அல்லாத வேறொரு பணம் வந்திருக்க வேண்டும் என்பது உறுதியாகிறது.

அந்தப் பணத்தின் சுவடு பதிவாகும் இடம் வில்லங்கச் சான்று. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு சர்வே எண்ணுக்கு உரிய சொத்தின்மீது பதிவான ஆவணங்கள் அனைத்தையும் நாள்வாரியாகச் சார்பதிவாளர் அலுவலகம் தொகுத்துத் தரும் பட்டியலே அது. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் இவ்விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவு செய்யப்படாத உயில் போன்றவை அதில் இடம்பெறா என்ற குறை உண்டெனினும், ஒரு வீடு எழும் முன் எத்தனை கைகள் கடந்து பணம் வந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தாள் வேறில்லை. அதில் அடிக்கடி தென்படும் மூன்று வகைப் பதிவுகளைப் புரிந்துகொண்டால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலாவது கிரயம், அதாவது விலைக்கு விற்றதற்கான பதிவு. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலம், மழையையும் கிணற்றையும் நம்பிப் பருத்தியும் சோளமும் விளைந்த காடு தோட்டமாக இருந்தது. 1970களின் பிற்பகுதியில் பின்னலாடை ஏற்றுமதி தொடங்கி, 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாகி, அதன்பின் ஊர் விரிந்து, 2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆனது. 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சில ஊராட்சிகளும் மாநகராட்சியுடன் இணைந்தன. இந்த விரிவில், ஏர் ஓட்டிய காடு அளவு மாறாமலே மனை நிலமாக மாறியது. ஏக்கர் கணக்கில் பேசிய விலை சென்ட் கணக்கில் பேசப்பட்டது. ஏக்கரில் நூறில் ஒரு பங்கான சென்ட் என்பது 435.6 சதுர அடி.

கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஊர் எல்லையில் சென்ட் 3 லட்சம் ரூபாய் வீதம் ஓர் ஏக்கரை மனைப் பிரிவு போடுபவருக்கு விற்கும் குடும்பத்துக்கு 3 கோடி கிடைக்கிறது. அதே குடும்பம் குண்டடம், தாராபுரம் பக்கம் சென்ட் 30,000 ரூபாய் வீதம் 5 ஏக்கர் தோட்டம் வாங்கினால் ஒன்றரைக் கோடி செலவாகிறது. பத்திரச் செலவும் போக ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் வீடு கட்ட மிஞ்சுகிறது. ஒரு ரூபாய்கூடக் கடனின்றி, நிலமும் ஐந்து மடங்காகி, மாளிகையும் எழுந்துவிடுகிறது. இலண்டன் வீட்டை விற்று நாட்டுப்புறத்தில் குடியேறியவர் செய்ததும் இதே கணக்குதான்.

வரிச் சட்டமும் இந்த நகர்வுக்கு இடம் தருகிறது. மக்கள் தொகைக்கு ஏற்ப நகராட்சி எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேளாண் நிலம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால், அதன் விற்பனையில் வரும் ஆதாயத்துக்கு வரி இல்லை. எல்லைக்குள் உள்ள நிலத்தை விற்றவரும், ஆதாயத்தைக் குறித்த காலத்துக்குள் வேறு வேளாண் நிலத்திலோ வீட்டிலோ இட்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குப் பெறலாம். கூலி வாங்குபவருக்கு இதற்கு இணையான படிக்கட்டு எதுவும் இல்லை.

இரண்டாவது வகைப் பதிவு பாகப்பிரிவினையும் தான செட்டில்மெண்டும் ஆகும். கூட்டுக் குடும்பச் சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது பாகப்பிரிவினை. பெற்றோர் தம் சொத்தை விலையின்றிப் பிள்ளைக்கு எழுதிக்கொடுப்பது செட்டில்மெண்ட். 2 கோடி மதிப்புள்ள வீட்டை விலைக்கு வாங்குபவர் தீர்வையும் கட்டணமுமாக 18 லட்சம் செலுத்த, அதே வீட்டைத் தந்தையிடமிருந்து செட்டில்மெண்டாகப் பெறும் பிள்ளைக்கு, 2023இல் உயர்த்தப்பட்ட உச்சவரம்பின்படியும், முத்திரைத் தீர்வை 40,000 ரூபாயும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயும் மட்டுமே ஆகின்றன. உள்ளவரிடம் சொத்து எளிதில் சேர்வதும் இல்லாதவர் முதல் படி ஏறுவது கடினமாவதும் இந்த இரண்டு எண்களில் ஒருசேரத் தெரிகின்றன. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989இலும், நாடு முழுமைக்குமாக நாடாளுமன்றம் 2005இலும் சட்டமாக்கின என்பதையும், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கப்படும் எந்தப் பெண்ணும் அந்தப் பங்கின் மதிப்பை அறிந்தபின்பே முடிவெடுக்க வேண்டும் என்பதையும் தங்கை மறவாதிருத்தல் நலம்.

மூன்றாவது வகை, ஆவண ஒப்படைப்பு எனப்படும் ஈடு. வீட்டின் மூலப்பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்துக் கடன் பெறுவதற்கான இந்தப் பதிவு, மாளிகை முழுவதும் உரிமையாளருக்கே சொந்தம் என்ற தோற்றத்தைத் திருத்துகிறது. ஏற்றுமதியாளர் நூல் வாங்கி, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பல ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் பணம் கொடுத்து, சரக்கைக் கப்பலேற்றிய பிறகும் வெளிநாட்டு வாங்குநரின் பணத்துக்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, கப்பலேற்றும் முன்பே வங்கி தரும் கடன் பேக்கிங் கிரெடிட் எனப்படும். அதற்கு ஈடாகப் பல நேரங்களில் நிற்பது முதலாளியின் வீடும் தோட்டமும்தான். அத்தகைய வீடு ஒரே நேரத்தில் குடும்பத்தின் பெருமையாகவும் கம்பெனியின் பிணையாகவும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் கலங்கியதற்கு, ஆர்டர் குறைவதோடு, பத்திரங்கள் வங்கியில் இருப்பதும் காரணம். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தூணும் மாடியும் தெரியும்; உள்ளே இருப்பவருக்குத் தவணை நாள் தெரியும்.

இந்த மூன்று பதிவுகளையும் கற்ற பிறகு, சொத்துள்ளவர் உழைக்காதவர் என்ற முடிவுக்கு வருவது நியாயமாகாது. திருப்பூரை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதி 2004இல் வெளிவந்த நூல், இங்குள்ள உடைமையாளர் பலர் எளிய வேளாண் கவுண்டர் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கிப் பங்குதாரராகி உயர்ந்தவர்கள் என்பதை விரிவாகக் காட்டுகிறது. அவர்கள் பட்ட பாடு மெய்யானது. ஆனால் அதே காடுகளில் அதே வெயிலில் பாடுபட்ட பண்ணையாட்கள், அவர்களுள் பெரும்பாலோரான அருந்ததியர், விலை ஏறும்போது விற்பதற்கு ஒரு சென்ட் நிலமும் இல்லாதிருந்தார்கள் என்பதும் மெய்யானது. உழைப்பு இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தபோதும், பத்திரம் ஒரு தரப்பிடமே இருந்தது.

நிலத்தின் விலை நிலத்திலிருந்து முளைப்பதன்று என்பதே இதன் அடிப்படைப் பாடம். 2024–25இல் திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இங்கே தைத்தார்கள், மடித்தார்கள், சாயத் தொட்டியின் அருகே நின்றார்கள். அவர்கள் வந்ததால் வாடகை ஏறியது, கடைகள் பெருகின, சாலைகள் அகன்றன, சாலையோரக் காட்டின் விலை ஏறியது. நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இதே இயக்கம் எதிர்த் திசையில் நிகழ்ந்தது. 1992இல் பாசனத்துக்கென முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கி, கிணறுகள் உவர்த்து, விளைநிலம் கெட்டது. அதன் முடிவில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஒரே தொழில் ஒருவருடைய காட்டைக் கோடியாக்கியது, இன்னொருவருடைய தோட்டத்தைப் பாழாக்கியது. இரண்டிலும் நிலத்துக்கு உரியவரின் திறமையோ திறமையின்மையோ முதற்காரணம் ஆகவில்லை.

இனித் தங்கை கைக்கொள்ளத்தக்கவை சில. முதலாவது, ஒருவருடைய வீட்டை மற்றொருவருடைய கூலியோடு ஒப்பிடுவதைக் கைவிட வேண்டும். சொத்தைச் சொத்தோடும் வருமானத்தை வருமானத்தோடும் ஒப்பிடுவதே முறையான அளவை. இரண்டாவது, திரையில் கண்ட வீட்டை எட்டும் ஆவலில், வருமானம் தாங்காத தவணைக்கு உட்படலாகாது. ஒன்றரைக் கோடிக் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பவர் மொத்தமாகச் செலுத்துவது ஏறத்தாழ 3 கோடியே 24 லட்சம் என்பது நினைவில் நிற்கட்டும். மூன்றாவது, சேமிப்பால் ஒரு மனை வாங்கும் நாள் வரும்போது, விளம்பரத்தில் காட்டும் நுழைவாயில் வளைவை நம்பாமல், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் ஆகிய நான்கையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, வாழ்நாள் சேமிப்பை அத்தகைய மனைகளில் இட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள், 2017இல் வரன்முறை விதிகள் வரும்வரை விற்கவும் கடன் வாங்கவும் வழியின்றித் தவித்தன.

வில்லங்கச் சான்றில் விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இருக்கும். அந்த நிலத்துக்கு விலை ஏறக் காரணமான ஊரை நாள்தோறும் தைத்து உருவாக்கியவர்களின் பெயர் இருப்பதில்லை. அப்பெயர்களுள் தங்கையின் தாய் தந்தையர் பெயர்களும் அடங்கும். அடுத்த முறை திரையில் ஒரு மாளிகையின் கதவு திறக்கும்போது, அவர்கள் இருவரும் ஷிப்ட் முடிந்து வந்து அருகில் அமர்ந்திருப்பார்களேயானால், இந்தக் கணக்கை அவர்களுக்கும் தங்கை விளக்கிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட அவர்களுக்கே மிகுதியாக உண்டு.

அன்புடன்,
அண்ணன்